ஐசாலில் கிறிஸ்துமஸ்: நடுவில் குவாங், சுற்றிலும் நாங்கள்

ஊழியத்தில் இருப்பவர்களுக்கு டிசம்பர் மாதம் ஓட்டமும் நடையுமாகவே போகும். பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கணும், வசனம் மனப்பாடம் பார்க்கணும், புதுத் துணிக்கு அளவெடுக்கணும், கேக்குக்குச் சொல்லி வைக்கணும், ஜெபத்தில் தாங்குகிறவர்களுக்குக் கடிதம் எழுதணும். பாட்டுகூட அந்த வேலைகளில் ஒன்றாகிவிடும். நான்தான் சுருதி எடுத்துக் கொடுக்கணும், நான்தான் முதல் அடியை ஆரம்பிக்கணும், நான் மூச்சு வாங்க நிறுத்தினால் கூட்டம் மொத்தமும் நின்று என் முகத்தைப் பார்க்கும்.

அசாமின் பராக் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் கொயரில், அதாவது சபைப் பாடகர் குழுவில், ஆண்களின் மேல்குரலான டெனர் பாடி வளர்ந்தவன். ஒரு பக்கம் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ, பின்னால் ஆண்களின் கீழ்க்குரலான பாஸ், முன்னால் பெண்களின் மேல்குரலான சோப்ரானோ என்று கேட்டுக்கொண்டே நடுவில் நம் குரலைக் கொண்டுபோய் வைக்கிற சுகம் இருக்கிறதே, இங்கே வந்த பிறகு அதற்கு வழியே இல்லை. வீட்டுச் சாப்பாட்டைவிட அதற்குத்தான் நான் அதிகம் ஏங்கியிருக்கிறேன்.

எங்களோடு வேலை செய்கிற மிசோ தம்பி, "அண்ணா, இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. வந்து சும்மா உட்கார்ந்து பாடுங்க, போதும்" என்று கூப்பிட்டான். விடுதிப் பிள்ளைகள் லீவுக்குப் போயிருந்தார்கள். தோட்டத்து ஆராதனையைச் சபையாரே நடத்திக்கொள்கிறோம் என்றார்கள். அப்புறம் என்ன, கிளம்பிவிட்டேன்.

இங்கிருந்து மிசோரமின் தலைநகரான ஐசால் போவது என்றால் முன்பெல்லாம் சுமோவில் நாள் முழுக்கக் குலுங்கணும். 2025 செப்டம்பரில் பைராபி–சாய்ராங் ரயில் பாதையைத் திறந்தார்கள். சுமார் 51 கிலோமீட்டர்தான், அதற்குள் நாற்பதுக்கும் மேல் சுரங்கங்கள். மூங்கில் காடு, இருட்டு, மறுபடி மூங்கில், கிடுகிடு பள்ளத்தில் ஒரு ஓடை, மறுபடி இருட்டு. வெளிமாநிலத்தவர் மிசோரமுக்குள் போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். போகிறவர்கள் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாதை தாண்டி வருகிற ஹைலாகாந்திப் பக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1871-ல் அங்கே அலெக்ஸாண்ட்ராபூர் தேயிலைத் தோட்டத்தின் மேல் மலையிலிருந்து வந்த மிசோ வீரர்கள் பாய்ந்தார்கள். ஜேம்ஸ் வின்செஸ்டர் என்பவர் கொல்லப்பட்டார். அவருடைய சின்ன மகள் மேரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் ஆங்கிலேயப் படை மலையேறிப் போய்த்தான் அவளை மீட்டது. மலையில் அவளுக்கு ஸோலுதி என்று பெயரே வைத்துவிட்டார்கள். தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவே அப்படி ஒரு ரத்தப் பகை இருந்திருக்கிறது. இன்றைக்கு அதே மலைக்காரப் பையன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறான். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வர, நான் கர்த்தரைத் துதித்தேன்.

ஐசாலுக்குப் பக்கத்து ஸ்டேஷனான சாய்ராங்கில் இறங்கினால் அதற்கும் ஒரு கதை. லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு இங்கிலாந்து வாலிபர்கள் 1893 கிறிஸ்துமஸைக் கொண்டாடிவிட்டு, அடுத்த நாளே படகேறி, துலாங் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக வந்து, 1894 ஜனவரி 11 அன்று இந்தச் சாய்ராங்கில்தான் கரையேறினார்கள். மிசோரமில் ஜனவரி 11 இன்றும் அரசு விடுமுறை, மிஷனரி தினம். அவர்கள் இந்த மக்களின் பேச்சுக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் கொடுத்தார்கள். 1894 ஏப்ரல் 1-ல் முதல் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். நாலு வருஷத்தில் அவர்கள் போக, வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் அந்த இடத்துக்கு வந்தார்கள். எனக்கு இந்த வேல்ஸ்காரர்கள் மேல் தனிப் பிரியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஐசால் ஒரு மலை முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு மாடி வீடு மாதிரி தெரியும். உள்ளே நுழைந்து படியிறங்கினால் கீழே இன்னும் மூன்று மாடி இருக்கும். இவ்வளவு நெரிசலிலும் வண்டிக்காரர்கள் ஹார்ன் அடிப்பதில்லை. அந்த அமைதியில் ஏதோ ஒரு மாடியிலிருந்து யாரோ கித்தார் மீட்டிப் பாடுவது தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம். அது நம் ஊர் மாதிரியேதான்.

தம்பியின் அம்மாவை நான் "க நூ" என்று கூப்பிட்டேன், அங்கே அம்மா வயதுக்காரர்களை அப்படித்தான் கூப்பிடணும். அன்று சாயங்காலம் அவர் உலை வைக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, ஓரமாக இருந்த ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைந்தார். சபைக்குப் போகிற அரிசி அது. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் இப்படி ஒரு பிடி. மிசோ வீடுகளில் நூறு வருஷத்துக்கும் மேலாக இது நடக்கிறது. சேர்த்ததை விற்று, அந்தப் பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். இந்தச் சின்ன மாநிலம் நாடு முழுக்க ஊழியர்களை அனுப்புவது இப்படித்தான். எங்கள் பக்கத்திலும் என் பாட்டி பிடி அரிசி எடுத்து வைப்பார். பல வீடுகளில் அது நின்றுவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. தம்பி எங்கள் தோட்டத்தில் இருப்பதற்குப் பின்னால் இந்த டப்பா இருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ராத்திரி கொயர் பயிற்சிக்கு என்னையும் இழுத்துப் போனான். மிசோ மொழியில் எனக்கு "சிபாய்" என்று வணக்கம் சொல்லத் தெரியும், இன்னும் சில வார்த்தைகள் தெரியும், அவ்வளவுதான். ஒரு அக்கா பாட்டுத்தாளை நீட்டினார். பார்த்தால் டோனிக் சோல்ஃபா! டோ, ரே, மியை முதல் எழுத்துகளாக மட்டும் எழுதி, நடுவே புள்ளியும் கோடும் போட்டு வைக்கிற முறை. கோடு வந்தால் ஸ்வரத்தை நீட்டணும். எழுத்தின் தலையோரம் குட்டிக் கோடு இருந்தால் மேல் ஸ்தாயி, காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. பாளையங்கோட்டையில் எங்கள் கொயர் மாஸ்டர் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிரம்பால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தது இதேதான். வேல்ஸ்காரர்கள் இந்த மலைக்கு இதைக் கொண்டுவந்தார்கள், மிசோக்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுப் புத்தகத்திலேயே சோல்ஃபா அச்சாகி வருகிறது.

டெனர் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். முதல் தடவை வார்த்தை இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் பாடினோம். ஒரு இடத்திலும் நான் தடுமாறவில்லை. பக்கத்திலிருந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, பென்சிலை எடுத்து என் தாளில் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்தான். இரண்டாவது தடவை வார்த்தையோடு. ரோமன் எழுத்து என்பதால் வாசித்துவிடலாம், உயிரெழுத்துகளை மட்டும் அந்தப் பையன் வாயைத் திறந்து காட்டித் திருத்தினான். நாலு குரலும் சேர்ந்து கடைசி ஸ்வரத்தில் வந்து நின்றபோது மர பெஞ்சு அதிர்வது கையில் தெரிந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டது. அழுகை வந்தது. யாரும் விசாரிக்கவில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

ஆனால் 24-ஆம் தேதி ராத்திரி பாடினது வேறு வகை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

மிசோக்கள் கூடிப் பாடுவதை ஸாய்கோம் என்கிறார்கள். அதில் பாடுகிற பாட்டுகளுக்கு லெங்கோம் ஸாய் என்று பெயர். இந்தப் பாட்டுக்குத் தாள் கிடையாது. கூடத்தில் நடுவே கொஞ்சம் இடம் விட்டு, சுற்றிலும் ஜனங்கள். நடுவில் குவாங், அதாவது மத்தளம். மரத்தைக் குடைந்து இரண்டு பக்கமும் தோல் கட்டினது, பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று. ஒரு பெரியவர் முதல் அடியைப் பேச்சு மாதிரி வேகமாகச் சொல்கிறார். சொல்லி முடிக்கவும் எல்லோரும் அந்த அடியை இழுத்து, நிதானமாகப் பாடுகிறார்கள். அது முடிகிற இடைவெளியில் அடுத்த அடியைச் சொல்லிவிடுகிறார். ராகம் மிகச் சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. கேட்டால் சந்தோஷப் பாட்டு என்று சொல்ல மாட்டீர்கள், ஏக்கம் மாதிரி இருக்கும். மனுஷர் இந்த உலகத்தில் பரதேசிகள், வீடு மேலே இருக்கிறது என்ற எண்ணம் இந்தப் பாட்டுகளில் ஊறிக் கிடக்கிறது என்று தம்பி காதில் சொன்னான்.

குவாங் ஆதியில் சபைக்குள் வராத வாத்தியம். பழைய மலைத் திருவிழாக்களில், அரிசிக் கள்ளோடு சேர்ந்தே ஒலித்தது என்பதால் முதல் கிறிஸ்தவர்கள் அதை ஒதுக்கி வைத்தார்கள். 1906-ல் தொடங்கி அலையலையாக எழுப்புதல், அதாவது ஜனங்களுக்குள் பெரிய ஆவிக்குரிய விழிப்பு, வந்தது. 1919-ல் வந்த அலைக்குப் பிறகு, மிசோக்கள் தங்கள் பழைய இசை வழியிலேயே ஆண்டவரைப் பாட ஆரம்பித்தார்கள். பாதேயா என்ற பெரிய பாட்டுக்காரர் அப்போது வந்தவர்தான். அவர் பிறந்தது 1894, அந்த இரண்டு மிஷனரிகள் கரையேறின அதே வருஷம். குவாங்கும் உள்ளே வந்துவிட்டது. மிஷனரிகள் கொடுத்த சோல்ஃபா ஒரு பக்கம், ஜனங்களுக்குள்ளிருந்தே பொங்கின இது ஒரு பக்கம். ஊழியக்காரனாகச் சொல்கிறேன், நாம் கற்றுக் கொடுத்த பாட்டை ஒரு ஜனம் பாடுவது நல்லதுதான். அவர்களே ஒரு பாட்டைக் கட்டி, அதை நமக்குக் கற்றுக் கொடுப்பது அதைவிடப் பெரிசு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் என் ஊர்ப் பாட்டுகளைத்தான் இதுவரை கொடுத்து வந்திருக்கிறேன். அவர்கள் கூத்துப் பாட்டும் தாளமும் இனி விடுதிக்குள் வரணும்.

சோல்ஃபா அங்கே எனக்கு உதவவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கணும். பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார், அவர் வாயையே பார்த்துக்கொண்டு, அவர் இழுக்கிற இடத்தில் இழுத்தேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மத்தளம் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. கடைசி அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடப் பாட, ஒருவர் எழுந்தார், அப்புறம் நாலு பேர். நடு இடத்தில் குவாங்கைச் சுற்றி மெல்ல ஆடிக்கொண்டே வட்டம் வந்தார்கள். குதிப்பு கிடையாது, தோளும் பாதமும் மட்டும் அசைகிறது. அந்தப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எழுந்தார், நானும் எழுந்தேன். யாரும் என்னைப் பார்த்துப் பாடவில்லை. நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்காது. அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

இடையில் பால் விடாத டீயும் கடித்துக்கொள்ள வெல்லக் கட்டியும் வந்தன. அப்போதுதான் பெரியவர், தமிழில் ஒன்று பாடச் சொன்னார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனையைப் பாடினேன். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் வளர்ந்து, வந்தவர்கள் கொடுத்த சுவிசேஷத்தை நம் சொந்த ராகத்திலும் தாளத்திலும் பாடிக் காட்டினவர் அவர். பாதேயாவைக் கொண்டாடுகிறவர்களுக்கு அவரைத்தான் அறிமுகப்படுத்தணும் என்று தோன்றியது. முதல் சரணம் வரைக்கும் குவாங்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்லவிக்குத் திரும்பும்போது கையை வைத்தார். ஆதி தாளத்தின் முதல் அடி சரியாகப் பெரிய குவாங்கில் விழுந்தது. பல்லவி மூன்றாவது முறை வரும்போது கூடம் முழுக்க, அர்த்தம் தெரியாமலே, தமிழில் பாடியது. ழகரம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டது.

25-ஆம் தேதி ஆராதனையில் கொயர் பாட்டு நன்றாக அமைந்தது. விருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேட்டையில் இருக்கிற அத்தனை குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. வாலிபர்கள் விடியும் முன்னே விறகு அடுக்கி, அண்டா வைத்து, பன்றிக்கறி வேகவைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மசாலா ஏதும் கிடையாது, உப்பு, இஞ்சி, கறியின் ருசி, பக்கத்தில் காரமான மிளகாய்த் துவையல். கறி கிளறுகிறவர்களும் பாடிக்கொண்டேதான் கிளறினார்கள். அன்று ராத்திரியும் அடுத்த ராத்திரியும் மறுபடி ஸாய்கோம். எனக்குக் குரல் கட்டி, பேச்சே வரவில்லை; பாட்டு மட்டும் எப்படியோ வந்தது.

கிளம்பும்போது க நூ ஒரு பாட்டுப் புத்தகம் கொடுத்தார், சோல்ஃபாவோடு அச்சானது. இப்போது விடுதியில் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு சோல்ஃபா நடத்துகிறேன். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் எனக்கு அவர்கள் பாட்டைச் சொல்லித் தருகிறார்கள். அடுத்த டிசம்பரில் ஐசாலிலிருந்து கொயர்க்காரர்கள் சிலர் எங்கள் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சின்னக் குவாங்கோடு. அதற்குள் நாலு ஆல்ட்டோவாவது தேற்றியாகணும். இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்கள்.