விழுத்து, அமத்தாதை

ஜூலை 9, 2024

கொழும்பில் பியானோ படிக்கப் போவதற்கான கடிதம் வரவில்லை.

ஜூலை 10

பியானோ ரீச்சர் இன்றைக்கு ஒரு பீஸ்கூட வாசிக்க விடவில்லை. என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, "பாரத்தை என்னட்டைத் தா பிள்ளை" என்றார். தந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டென்று தன் கையை எடுத்தார். என் கை விழவில்லை, அந்தரத்திலேயே நின்றது. எட்டாம் கிரேட் பரீட்சை முடித்த கைக்கு விழத் தெரியவில்லை.

"கொழும்பில உன்னைப் போல கெதியா வாசிக்கிற பிள்ளையள் கனபேர் இருப்பினம். நாலு வருசம் நோகாமல் வாசிக்கிற கை வேணும். இப்ப அதை மட்டும் பார்ப்பம்."

ஜூலை 13

பியானோவின் மத்திய சி கட்டையின் நுனியில் சில்லறைக் காசை ஒவ்வொன்றாக அடுக்கினோம். ஓர் அளவு வந்ததும் கட்டை தானாகவே மெல்லக் கீழே போனது. ஏறக்குறைய 50 கிராம் போதும். இறங்கும் ஆழமும் 10 மில்லிமீற்றர் அளவுதான். என் முன்னங்கை மட்டுமே ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும்.

பிறகு முன்பலகையைக் கழற்றிக் காட்டினார். கட்டையை மெல்ல அமத்தினால், சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே பொறி கழன்று அதை விட்டுவிடுகிறது. மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே போய் அடித்துவிட்டுத் திரும்புகிறது. பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்தோஃபோரி 1700ஆம் ஆண்டளவில் செய்த பியானோவிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. சுத்தியல் புறப்பட்ட பிறகு விரல் எவ்வளவு அமத்தினாலும் அந்தச் சத்தம் மாறாது. கட்டையைக் கீழே வைத்திருந்தால் சத்தம் நீளும், அவ்வளவுதான். அதற்கு விரலின் பாரமே காணும்.

அப்படியென்றால் இத்தனை வருடமும் ஒவ்வொரு சுரத்துக்கும் பிறகு நான் அமத்திய அமத்தல் எல்லாம் எங்கே போனது?

ஜூலை 14

ஞாயிறு. தேவாலயத்தில் ஆராதனை, பிறகு கூட்டம். அங்கேயுள்ள பியானோ கிடைக்காது. வீட்டுக் கீபோர்டின் கட்டைகளில் பாரமே இல்லை, அதில் விழுத்திப் பழக முடியாது. சாப்பாட்டு மேசையில் கையை விழுத்திக்கொண்டிருந்தேன். தம்பி ஒன்றும் கேட்கவில்லை, கோப்பைகளை மட்டும் தள்ளி வைத்தான்.

ஜூலை 17

வலது முன்னங்கை, முழங்கைக்குக் கீழே. திரும்பவும் நோவு.

ஜூலை 18

நித்திரை வரவில்லை. இசையமைப்பாளர் ஷூமனை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். 1830களின் தொடக்கத்தில், இருபதைத் தாண்டியவுடனேயே வலது கை கெட்டு, மேடையில் வாசிக்கும் எண்ணத்தையே விட்டார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1891இல் அளவுக்கு மீறிச் சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களின் நடுவில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளே சுருண்டன. இருகையாலும் மேடைக்குத் திரும்ப அவருக்கு முப்பது வருடம் ஆனது. இவர்களில் ஒருவரும் பயிற்சி செய்யாமல் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா எழும்பி வந்து விளக்கைப் போட்டார். "கொழும்புக்குப் போக முன்னமே கையை முடிச்சுப் போடுவாய் போல கிடக்கு." நோவுக்குச் சித்தாலேப பூசிவிட்டார். முழங்கைக்குக் கீழே அவர் அழுத்திய இடத்தில் என் மோதிர விரல் தானாக மடங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பவும் அழுத்தினார், திரும்பவும் மடங்கியது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, இங்கேதான் இருக்கின்றன. தசைநாண் மட்டும் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகிறது. ரீச்சர் படம் போட்டுக் காட்டியதுதான். அம்மாவின் பெருவிரலுக்குக் கீழே உணர்ந்தபோதுதான் விளங்கியது. மணிக்கட்டை வளைத்துக்கொண்டு வாசித்தால் அந்த நாண்கள் எல்லாம் மடிந்த வழியால் இழுபட வேண்டும்.

ஜூலை 21

அம்மாவின் பிடிவாதத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறும் ஏழு சூடு. வாளியால் அள்ளித் தோளில் ஊற்ற, தோள் தானாக இறங்கியது. இவ்வளவு நாளும் அது உயர்ந்திருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அந்த இறக்கத்தைக் கலையவிடாமல் பஸ்ஸில் வந்தேன். பின்னேரம் பியானோவின் முன் இருந்தபோதும் இருந்தது. ஸ்கேலின், அதாவது சுர வரிசையின், முதல் எட்டுச் சுரம் வரைக்கும் இருந்தது.

ஜூலை 24

இசையமைப்பாளர் ஷோப்பான் தன் மாணவர்களுக்கு முதலில் பி மேஜர் ஸ்கேலைத்தான் கொடுப்பாராம், சி மேஜர் கடைசியில். கை வைக்கப் பழக்குவது ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்து கட்டைகளில். நீளமான மூன்று விரல்களும் உயர்ந்த கறுப்புக் கட்டைகளில் இருக்கும். பெருவிரலும் சின்ன விரலும் வெள்ளையில். வைத்துப் பார்த்தேன். கை தன்பாட்டில் இருக்கிறது, எதையும் மடக்கத் தேவையில்லை. எங்களுக்கு முதல் நாளே சி மேஜர். கண்ணுக்குத்தான் அது இலகு.

இன்றைக்கு நோகவில்லை. டச்சு பே கடற்கரை வரைக்கும் இரண்டு கையையும் தொங்கவிட்டு நடந்தேன். சந்தோசம்.

ஜூலை 25

நொந்தது.

ஜூலை 30

மோதிர விரல். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்த ஒருவர், மற்ற விரல்களைக் கட்டையில் அமத்தி வைத்துக்கொண்டு இதை மட்டும் உயர்த்தச் சொல்வார். உயரவில்லை என்றால் ஏச்சு. ரீச்சரிடம் சொன்னேன். நடுவிரலை மடக்கி மேசையில் வைத்துவிட்டு மோதிர விரலை உயர்த்திப் பார் என்றார். அசையக்கூட இல்லை. அவருடையதும் அசையவில்லை. புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு இணைந்து கிடக்கிறது. எல்லாருடைய கையும் அப்படித்தான். அப்போது ஏழு வயது எனக்கு. என் விரலில்தான் ஏதோ குறை என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதை உயர்த்தவே தேவையில்லை. முன்னங்கை அந்தப் பக்கம் சற்று உருண்டால், கதவுக் கைபிடியைத் திருப்புகிற அளவுக்கு, மோதிர விரல் பாரத்தோடு கட்டைக்குப் போய்ச் சேர்கிறது. சத்தமும் வருகிறது. பெரிய சத்தம். திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்குட்டியார் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. தம்பி விரதம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் நிழலில் படுத்திருந்தன. அம்மா காகத்துக்கு வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். அப்பா கேட்டது ஐந்தாம் கிரேட் வரைக்கும்தான்.

பியானோ தொடவில்லை. காலையிலிருந்து தாடை இறுகியிருக்கிறது.

ஆகஸ்ட் 8

தாடைதான்! கையில் தேடிக்கொண்டிருந்தேன். ஆர்ப்பேஜியோவில், கோர்ட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதில், பெருவிரல் கீழால் போகிற இடம் வரும்போது பல்லைக் கடிக்கிறேன், மூச்சையும் பிடிக்கிறேன். அடுத்ததாகத் தோள், அடுத்ததாக மணிக்கட்டு. விரலை மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்கினால் விரலுக்கு எந்தப் பக்கமும் போக முடியாது. அந்த இழுபறியைத்தான் நான் பலம் என்று நினைத்திருந்தேன்.

ரீச்சர் அந்த இடத்தில் என்னைப் பாடச் சொன்னார். பாடிக்கொண்டு மூச்சைப் பிடிக்க முடியாது. முழங்கையைக் கையோடு பக்கவாட்டில் போகவிட்டால், பெருவிரல் அவ்வளவு தூரம் உள்ளே நுழையவும் வேண்டியதில்லை. அரை வேகத்தில் நோவில்லாமல் வந்தது. முழு வேகம் கேட்கவில்லை அவர். நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13

கச்சான் காற்று. வெயிலும் காற்றும் நல்லது, கட்டைகள் ஒட்டாமல் எழும்புகின்றன. மாரி தொடங்கினால் மரம் ஊதி அந்த மேல் எஃப் கட்டை போனது போனதுதான். கம்பிகளில் கடற்காற்றின் துரு. கொழும்பில் இருக்கப்போகிற பியானோ பாரமாக இருந்தால்? இதில் பழகியதெல்லாம் அதில் நிற்குமா?

ஆகஸ்ட் 16

கடிதம் வந்துவிட்டது. செப்டெம்பர் 30, கொழும்பு.

அம்மா கடிதத்தைச் சாமி அறையில் வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 19

ரீச்சர் கையை எடுத்தார். விழுந்தது! மடியில் தொப்பென்று விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கம் வந்து இடது முழங்கையை வாங்கினார். அது நின்றது.

ஆகஸ்ட் 20

இடது கை. ஒக்டேவ், எட்டுச் சுர அகலத்துக்கு, விரித்து அடித்த பிறகு கை சுருங்கி வருவதில்லை, விரித்தபடியே அடுத்ததற்குப் போகிறது. நாளைக்குக் காலை ஏழு மணிக்குத் தேவாலயத்தின் திறப்பு வாங்க வேண்டும். கதிரைக்கு மேல் வைக்க அந்தத் தடித்த மெத்தை.