படிவத்தில் எழுதிய பொய்

மலைக்காட்டில் குதிரைப் பயணம் போவதற்கான படிவத்தில், குதிரையேறிய அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. 'உண்டு' என்று எழுதினேன். யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவன் வேறு எப்படி எழுதுவான்? போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகவும் ஒல்லாந்தர் பெருக்கியதாகவும் சொல்லப்படும் குதிரைகள் எங்கள் தீவின் வெட்டைகளில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. அவற்றில் ஒன்றின் முதுகில்கூட நான் ஏறியதில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

கனடாவின் கல்கரி நகருக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கிருந்து பான்ஃப் மலைப்பூங்கா ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். நம்மவர்கள் எல்லோரும் போவோம். லூயிஸ் ஏரிக்கரையில் படம் எடுப்போம், காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் புட்டும் கோழிக்கறியும் சாப்பிடுவோம், இருட்டுமுன் வீடு திரும்புவோம். படத்துக்குப் பின்னால் நிற்பதற்குத்தான் எங்களுக்கு மலை. பண்டகசாலையில் என்னோடு இரவு வேலை செய்யும் நால்வர், கோடையில் நான்கு நாள் குதிரையில் அந்தப் பூங்காவின் காட்டுக்குள் போகலாம் என்றார்கள். குளிருக்கே பழகியாயிற்று, இதென்ன என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் காலையே குட்டு வெளிப்பட்டது. அனுபவசாலிக்கென்று ஒதுக்கியிருந்த கறுப்புக் குதிரையைப் பின்புறமாக நெருங்கினேன். வழிகாட்டிப் பெண் என் தோளைப் பிடித்து இழுத்தாள். இருபத்தைந்து வயதுகூட இராது அவளுக்கு. ஒரு வார்த்தை பேசாமல் கறுப்பனைக் கொண்டுபோய்விட்டு, கிழட்டுப் பழுப்புக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவமானம்தான். ஆனால் அந்தக் கிழவன் கெட்டிக்காரன். சேணவாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்வான். சற்று நடந்ததும் மூச்சை விட்டுவிடுவான், வார் தளர்ந்துவிடும். சேணம் சரிந்தால் நாமும் சரிவோம். அதனால் ஏறுமுன் மறுபடி இறுக்க வேண்டும். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலைத் தாழ்த்த வேண்டும், விழுந்தால் கால் சிக்கி இழுபடாமல் இருப்பதற்காக. ஆற்றைக் கடக்கையில் ஓடும் நீரைப் பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையைப் பார் என்றாள். எங்கள் தீவுக்கு ஓடும் குமுதினிப் படகில் போய் வந்த எனக்கு அது ஒன்றுதான் முன்பே தெரிந்திருந்தது.

பொதி ஏற்றும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டுக்குள் வண்டிப் பாதை இல்லை. கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் பொதிக்குதிரைகளின் முதுகில்தான் போக வேண்டும். பக்கத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியையும் வழிகாட்டி சுருள்வில் தராசில் தொங்கவிட்டு நிறுத்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் திறந்து ஒரு தகர டப்பாவை மறுபக்கம் மாற்றினாள். பாரத்தைக் குதிரை பொறுக்கும், ஒருபக்கச் சாய்வைப் பொறுக்காது, முதுகு புண்ணாகிவிடும் என்றாள். அப்பா சைக்கிள் கரியரின் இரண்டு பக்கமும் உரப்பைகளைத் தொங்கவிட்டு, தராசில்லாமல் கையாலேயே இதே கணக்கைப் பார்ப்பார்.

அங்கே கிரிஸ்லி கரடிகள் உண்டு. வாசனையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது, பற்பசைகூட. மாமி அனுப்பிய, தட்டை போல மொறுமொறுக்கும் பருத்தித்துறை வடையைப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். கரடிக்கு முன் வழிகாட்டியின் மூக்குக்கு எட்டிவிட்டது. ஒன்றைக் கடித்துப் பார்த்தவள், மீதியைக் கரடியால் திறக்க முடியாத பெட்டியில் பூட்டினாள். பிறகு தினமும் காலைக் கோப்பியோடு எல்லோருக்கும் அந்த வடைதான். ஆகஸ்ட் மாதம், ஆனால் வாளித் தண்ணீரில் மெல்லிய பனி ஆடை படிந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஒரு மலைக்கணவாயில் குதிரையைவிட்டு இறங்கினோம். கால் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. உட்கார்ந்த பாறையில் வட்ட வட்டமாகச் சுவடுகள். கடல் உயிர்களுடையவை என்றாள் வழிகாட்டி. இந்த மலைகள் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லாம். தடவிப் பார்த்தேன். எங்கள் வளவின் பவளக்கல் மதிலும் விரலுக்கு இப்படித்தான் சொரசொரக்கும்.

1885இல் ஒதுக்கப்பட்டு, கனடாவின் முதல் தேசியப் பூங்காவாக வளர்ந்த இடம் பான்ஃப். உட்காட்டில் இன்றும் காவலர்கள் குதிரையில் சுற்றுகிறார்கள். அந்தக் குதிரைகள் குளிர்காலத்தைக் கழிக்க யா ஹா திண்டா என்ற அரச பண்ணை இருக்கிறது.

இந்த முறை விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவானில் படகேறித் தீவுக்குப் போனேன். கடும் வறட்சி. சித்தப்பாவோடு வெட்டைப் பக்கம் நடந்தபோது, வற்றிய குளத்தின் ஈரமண்ணை மூன்று குதிரைகள் முகர்ந்துகொண்டு நின்றன. பக்கவாட்டாகத்தான் நெருங்கினேன். அப்படியும் ஓடிவிட்டன.

மலைக்கதை முழுவதையும் சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"குதிரையில் ஏறக் காசு கொடுத்தாயா தம்பி?"

"ஓம் சித்தப்பா."

"எவ்வளவு?"

பாதித் தொகையைச் சொன்னேன். விரல்விட்டு ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தக் காசுக்கு இங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கலாம். இதுகளாவது குடித்திருக்கும்."

முழுத் தொகையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.