நூறு பாதாமும் மூன்று ஆழாக்கு அரிசியும்

ஜூன் 16, 2024, ஞாயிறு

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 210, எடை 84 கிலோ. "6.5 வந்தா சர்க்கரைன்னு எழுதிடுவேன்" என்றார் டாக்டர். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் ஒன்றரை வருஷமாக, மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ டயட்டில் இருக்கிறார், சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அவர்தான் பட்டியல் எழுதிக் கொடுத்தார். காலையில் 100 பாதாம், மதியம் காலிஃபிளவரைத் துருவிச் சாதம் மாதிரி செய்து முட்டையோடு, ராத்திரி மீனோ கோழியோ, நடுவில் பசித்தால் வெண்ணெய் போட்ட டீ. அரிசி, கோதுமை, பருப்பு, பழம், எதுவும் கிடையாது.

அம்மா கேட்ட ஒரே கேள்வி: "எத்தன நாளைக்குடா?" பதில் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

எட்டு நாளில் 3.1 கிலோ குறைந்திருக்கிறது! கொழுப்பே கரைந்துவிட்டதென்று மிதப்பில் இருந்தேன், படித்துப் பார்த்தால் பெரும்பகுதி தண்ணீராம். உடம்பு மாவுச்சத்திலிருந்து செய்து சேமித்து வைக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும், மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து போய்விடும். மூன்றாம் நாள் வந்த தலைவலியும் தண்ணீரும் உப்பும் போனதால்தான், எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடித்ததும் சரியானது.

பாதாம் கணக்கும் போட்டேன். நூறு பாதாம் சுமார் 120 கிராம், 700 கலோரி. மாதத்துக்கு மூன்றரை கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டில் மாதம் முழுக்க அரிசிக்கு ஆகும் செலவைவிட என் ஒருத்தனின் காலைச் சாப்பாடு அதிகம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை, காவிரியில் நல்ல தண்ணீர். வீட்டுக்கு வந்து வாழையிலையில் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், எல்லாரும் சாப்பிட நான் ஒரு கிண்ணத்தில் பனீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளியோதரையில் வறுத்த கடலை எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. பேலியோவில் கடலையும் கூடாது.

மாமனாரும் இதில் சேருகிறேன் என்கிறார். அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். டாக்டருக்குப் போன் போட்டதற்குத் திட்டுதான் விழுந்தது: சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும், முதலில் என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எடை 75. எச்பிஏ1சி 5.7. ட்ரைகிளிசரைடு 112. கடைசி வரி மட்டும் உறுத்துகிறது: கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 118 இருந்தது, 171 ஆகியிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன், "அது நல்ல கொலஸ்ட்ரால்தான் சார்" என்கிறார். அவருக்கு எல்லாமே நல்ல கொலஸ்ட்ரால்தான். வெண்ணெயும் நெய்யும் இப்படி அள்ளிச் சாப்பிட்டால் சிலருக்கு எல்டிஎல் எகிறும், அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் இன்னொரு பாதிக்குக் கொழுப்பையும் குறைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து முதல் கோஷ்டிக்கு 6 கிலோ, இரண்டாவதற்கு 5.3 கிலோ, பெரிய வித்தியாசமே இல்லை. அதே வருஷம் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது இன்னும் யோசிக்க வைத்தது. கலோரியில் பாதியளவு மாவுச்சத்து சாப்பிட்டவர்களுக்குத்தான் இறப்பு அபாயம் குறைவு. ரொம்பக் கூட்டினாலும் ஏறுகிறது, ரொம்பக் குறைத்தாலும் ஏறுகிறது. குறைத்த இடத்தில் இறைச்சியை வைத்தவர்களுக்கு ஏற்றம், வேர்க்கடலை, கொட்டை வகைகளை வைத்தவர்களுக்கு இறக்கம். சாப்பாட்டைக் கேட்டு எழுதி ஆண்டுக்கணக்கில் கவனித்துச் சொன்னது, ஆகவே இதுதான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் விரட்டியடித்த கடலை அங்கே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

நிறுத்திவிட்டேன். பேலியோ பொய் என்று சொல்ல மாட்டேன், ஒன்பது கிலோ பொய்யில்லை. ஆனால் எனக்கு 44 வயது, இன்னும் முப்பது வருஷம் கிண்ணத்தோடு தனியாக உட்கார முடியாது. பழைய தட்டிலும் தப்பு இருந்தது. மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், கூடவே உருளைக்கிழங்கு வறுவல், எல்லாமே மாவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) இந்த வருஷம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளின் 2000 கலோரிக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் தானியமும் காயும் அப்படியே தலைகீழ்.

இனி சாதம் ஒரு கரண்டி, காய் இரண்டு, சுண்டல், முட்டை, மீன். பாதாம் பதினைந்து. வெண்ணெய் டீக்கு விடை கொடுத்தாயிற்று, அதில் துக்கம் ஒன்றுமில்லை.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். எடை 77, இரண்டு கிலோ திரும்பி வந்திருக்கிறது. போன வாரம் எடுத்ததில் எல்டிஎல் 121, எச்பிஏ1சி 5.8. சர்க்கரைப் பொங்கல் இரண்டு ஸ்பூன், முந்திரியைப் பொறுக்கியது தனிக்கணக்கு.

காலையில் அடுப்படியில் அம்மா அரிசி அளப்பதைப் பார்த்தேன். பாட்டி காலத்துப் பித்தளை ஆழாக்கு, விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியது. நாலு பேருக்கு எப்போதும் மூன்று. இரண்டு அளந்ததும் ஆழாக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எப்போதிருந்து என்று கேட்டேன். "தீவாளியிலேருந்து. நீங்க யாரும் கவனிக்கல."