தீர்ப்பு நகல் வாங்கப் போய் கோர்ட் விதிகளைப் படித்த கதை

தொண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் கரைவலைக்காரர்கள் கடலுக்கு இறங்கும் பாதை பற்றி என் அப்பா காலத்தில் ஒரு சிவில் வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பில் வருவாய்த் துறையும் உண்டு. அந்தத் தீர்ப்பு நகல் தேவைப்பட்டது. நகல் பிரிவில், "நீங்க பார்ட்டி இல்லையே" என்றார்கள், அதாவது வழக்கில் நான் ஒரு தரப்பு இல்லையாம்.

சரியென்று தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டேன். உயர் நீதிமன்ற விதிப்படி நகல் மனு போடச் சொல்லிப் பதில் வந்தது. எரிச்சல்தான், ஆனாலும் சட்டப்படி சரியான பதில். நகல் தர நீதிமன்ற விதியிலேயே வழி இருந்தால் அந்த வழியில்தான் வர வேண்டும் என்று, குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது.

"இந்த விதிகளை யாருண்ணே பார்க்கிறது, சட்டசபையா?" என்று தெரிந்த வக்கீல் அண்ணனிடம் கேட்டேன். புத்தகத்தைத் திறந்து காட்டினார். தகவல் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி மத்திய அரசின் விதிகள் நாடாளுமன்றத்திலும், மாநில அரசின் விதிகள் சட்டமன்றத்திலும் உறுப்பினர்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதே சட்டத்தின் 28-வது பிரிவில் தலைமை நீதிபதியும் விதி செய்யலாம். அதை எந்த அவையிலும் வைக்கச் சொல்லி 29-ல் ஒரு வரி இல்லை.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் வேறு ஏற்பாடு. 122-வது பிரிவின்படி உயர் நீதிமன்றம் வரைவை முதலில் வெளியிட்ட பிறகே விதிகளைச் செய்ய வேண்டும். 126-ன்படி மாநில அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். அரசு என்றால் கோட்டையில் இருக்கும் துறைகள்தான். பாதை வழக்கைப் போல எத்தனையோ வழக்குகளில் அரசே ஒரு தரப்பு. வழக்கில் ஒரு தரப்பே விதிக்கு ஒப்புதல் தருவதைவிட, எதிர்க்கட்சியும் உட்கார்ந்திருக்கும் அவையில் வைப்பது எனக்கு மேலாகப் படுகிறது. தீர்ப்பில் அவை தலையிட வேண்டாம். நகல் கட்டணத்தையும் படிவத்தையும் பற்றி நாலு கேள்வி கேட்கட்டுமே.

அப்புறம் மூன்றாம் நபராக நகல் மனு போட்டேன், அபிடவிட்டோடு (உறுதிமொழிப் பத்திரம்). இதில் காரணம்தான் முக்கியம். "பொது நலனுக்காக" என்று மொட்டையாக எழுதாமல் எந்தப் பாதை, எதற்காக நகல், அதில் நமக்கென்ன தொடர்பு என்று எழுதுங்கள். வழக்கு எண் கட்டாயம் வேண்டும். எனக்கு அது பழைய கிராமக் கூட்டத் தீர்மானத்தில் கிடைத்தது. நீதிபதி அனுமதித்தார், நகலும் வந்தது.

தலைமை நீதிபதி செய்யும் விதிகளையும் அவையில் வைக்கும்படி தகவல் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவைத் திருத்தக் கேட்டு ஒரு மனு எழுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்தேன். மத்தியச் சட்டம், எம்.பி.யிடம் போங்கள் என்றார்கள். நியாயம்தான். அங்கேயும் கொடுத்திருக்கிறேன்.