அவுரி இலையை எதில் கட்டி வைப்பது? ஒரே அறுவடையில் பட்ட பாடு

காய்ந்த அவுரி இலை போட்டு வைக்கப் பழைய பிளாஸ்டிக் டிரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் நின்று முகர்ந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நானும் முகர்ந்துதான் வாங்கினேன், சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. மூடியை இறுக்கி ஒரு மதியம் முழுக்க வெயிலில் வைத்து, அதன்பிறகு திறந்து முகர வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போன மருந்து சூடு பட்டால்தான் வெளியே வரும். இப்படிப் பார்ப்பதற்குச் சம்மதிக்காத கடையில் டிரம் வாங்காதீர்கள்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைக்குக் கிழக்கே விளைநிலம். ஐப்பசி மழைக்கு விதைத்து, தை, மாசியில் இலை பறிப்போம். நான் அவுரி என்று சொல்வது மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற நிலாவாரை, வெளிநாட்டில் சென்னா என்பார்கள். நீலச் சாயம் எடுக்கும் அவுரி வேறு. நிலாவாரையை எப்படிப் பயிர் செய்வது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பறித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. வியாபாரி ஒன்று சொல்வார், அவர் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், நிற்கிறவர் வேறொன்று சொல்வார், நஷ்டம் நம் தலையில்.

காய வைத்ததில் பெரிய சிக்கல் இல்லை. நிழலில், கயிற்றுக் கட்டில்களின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டி, மெல்லிசாகப் பரப்பி, தினமும் கிளறிவிட்டோம். தைப் பனி இறங்குவதற்கு முன்னால் சாயங்காலமே உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் காய்ந்தது ராத்திரியில் திரும்பிவிடும். தார்ப்பாயில் பரப்பாதீர்கள், அடியில் வேர்க்கும். இலை நிறம் மாறாமல் வெளிர்ப் பச்சையிலேயே இருந்தது, அதுவரை எல்லோருக்கும் சந்தோஷம்.

பிரச்சினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அவுரியில் இலை சீக்கிரம் காய்ந்துவிடும், காம்பு காயாது. கையில் எடுத்தால் இலை நொறுங்கும், வியாபாரிகூட 'நல்லாக் காஞ்சிருக்கு' என்பார். அப்படியே மூடிக் கட்டினால் காம்பில் நின்ற ஈரம் மெதுவாக இலைக்கு வரும். கொஞ்ச நாளில் திறந்து பார்த்தால் இலை துவண்டு கிடக்கும். அதனால் எதில் வைப்பது என்பதோடு எப்போது மூடுவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இப்போது டிரம் கதை. 200 லிட்டர் நீல டிரம். விற்றவர், "பழச்சாறு வந்த டிரம் அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஒட்டியிருந்த லேபிளைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று அச்சு இருந்தது, அதைக் காட்டி 'சாப்பாட்டுக்கு உள்ள பிளாஸ்டிக்' என்றார். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும். உள்ளே முன்னால் என்ன இருந்தது என்று அது எப்படிச் சொல்லும்? பூச்சிமருந்து வருகிற டிரம்மிலும் அதே 2 இருக்கும்.

அவர் பேச்சை நம்பி இலையை அதில் போட்டு மூடித் தகரக் கொட்டகையில் வைத்தோம். மாசி வெயிலில் கொட்டகை கொதித்த பிறகு திறந்தோம். பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. அம்மா இலையை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்விட்டு அப்படியே திரும்பப் போட்டாள். மனுஷர் வயிற்றுக்குள் போகிற மருந்து இது. உதறிக் காயவைத்து விற்றுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. நாங்கள் அந்த டிரம்மில் இருந்த இலை முழுசையும் குழி வெட்டிப் போட்டு மூடிவிட்டோம். கடைக்காரர் முதலில் 'நான் விக்கும்போது வாசனை இல்லியே' என்று சாதித்தார். கூட வந்த என் அத்தான் அந்த டிரம்மை அங்கேயே வெயிலில் மூடி வைத்து, அவர் கையாலேயே திறக்கச் சொன்னார். பாதிப் பணம் திரும்ப வந்தது. இலைக்கு யார் தருவார்?

சாக்குக்கு வருகிறேன். சணல் சாக்கு காற்றோட்டம் உள்ளது, பழங்காலமாக இலை போவதும் அதில்தான். ஆனால் சணல் நாரை மில்லில் மிருதுவாக்க எண்ணெய் தெளிப்பார்கள், சில இடங்களில் அது கனிம எண்ணெய். புதுச் சாக்கில் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை வருவது அதனால்தான். உணவுப் பொருளுக்கென்று தாவர எண்ணெயில் பதப்படுத்திய சாக்கு தனியாக இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள், 'எல்லாம் ஒண்ணுதான்' என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். உரச்சாக்கு வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை துவைத்தாலும் சரி, தையலுக்குள் உப்பு நிற்கும், அது ஈரத்தை இழுக்கும். அரிசி வந்த பாலிசாக்கு பரவாயில்லை, ஆனால் அரிசிப் பூச்சி தையலில் இருக்கும். உள்புறம் வெளியே திருப்பி, உதறி, நல்ல வெயிலில் போட்டு எடுக்க வேண்டும்.

கிட்டங்கியில் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. ஏற்றுமதிக்கு இலை வாங்குகிற இடம். முதலில் போனில் பேசிய கணக்கப்பிள்ளை, பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டிக் கொண்டுவரச் சொன்னார். உறை வாங்கி, அவர் சொன்னபடியே கட்டி, வண்டி பிடித்துப் போனோம். அன்றைக்கு வாசலில் நின்றது வேறு ஆள், சின்னப் பையன்.

"அண்ணாச்சி, உறை போட்டதை இறக்க மாட்டோம். உள்ளே வேர்க்கும்."

"உங்க கணக்கப்பிள்ளைதான தம்பி போட்டுட்டு வரச் சொன்னாவ?"

"அவுக லீவு."

அவ்வளவுதான் பதில். போன் போட்டுக் கேட்கச் சொன்னேன், கேட்கவில்லை. முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன், மதியத்துக்கு மேல் வரச் சொன்னான். வண்டிக்காரர் காத்திருப்பாரா? ஒரு சிப்பம்கூட இறக்காமல் திரும்பினோம். போக வர வண்டி வாடகை எங்கள் பாடு. இதிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்: எந்தச் சாக்கு, உறை உண்டா இல்லையா, ஒரு சிப்பத்துக்கு எத்தனை கிலோ என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லைக் காட்டி வாசலில் வழக்காட முடியாது.

அந்தப் பையன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பகலில் சூடேறி ராத்திரியில் குளிர்கிற கொட்டகையில், இலையிலிருந்து கிளம்புகிற ஈரம் உறையின் உள்பக்கம் முத்து முத்தாக நிற்கும். மூடி இறுகிய டிரம்மிலும் அதே கதைதான், மேல் அடுக்கு இலைதான் முதலில் கறுக்கும். உறை வெளி ஈரத்தைத் தடுக்கும், உள் ஈரத்தையும் வெளியே விடாது. காம்பு வரைக்கும் காய்ந்த இலைக்கு உறை பாதுகாப்பு, அரைகுறையாகக் காய்ந்த இலைக்கு அதே உறை எமன். நான் கோபப்படுவது ஒரே கிட்டங்கியில் இரண்டு பேர் இரண்டு மாதிரி பேசியதற்குத்தான்.

அடுத்த முறை உறையைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோனோம். அப்போது 'ஈரம் அதிகம்' என்று மீட்டரைக் காட்டினார்கள். இரண்டு கம்பி உள்ள மீட்டர், நெல்லுக்கும் பயறுக்கும் அளவு வைத்தது. அதை இலைக்குள் குத்தினால் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோமோ அதற்குத் தக்கபடி எண் மாறும். அவர்கள் கண்ணெதிரிலேயே அழுத்தியும் தளர்த்தியும் பிடித்துக் காட்டினேன். ஒரே சாக்கு, இரண்டு எண். சுற்றி நின்ற சுமை தூக்குகிறவர்களே சிரித்துவிட்டார்கள்.

கையில் வேறு ஆதாரமும் வைத்திருந்தேன். அகல வாய்க் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு இலை போட்டு, காற்று ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே வைத்து மூடி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. அந்த மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்தாயிற்று என்று அர்த்தம், மறுபடியும் பரப்ப வேண்டும். 60-க்குக் கீழே ஓரிரு நாள் அசையாமல் நின்றால் கட்டலாம். இதோடு, நகை எடை போடுகிற சின்னத் தராசில் 10 கிராம் இலையை நிறுத்து, மின் அடுப்பில் 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி நிறுத்தால், குறைந்த எடைதான் ஈரம். ஐரோப்பிய மருந்து நூல் சென்னா இலைக்கு 12 சதவீதம் வரை விடுகிறது, வியாபாரிகள் 10-க்குள் கேட்பார்கள். பாட்டிலையும், எழுதி வைத்த நோட்டையும் முதலாளி முன்னால் வைத்தேன். மாதிரியை லேபுக்கு அனுப்பச் சொன்னேன். லேபில் 9-க்குக் கீழே வந்தது. அதற்கப்புறம் ஒரு கிலோகூடக் கழிக்காமல் பேசின விலையே கொடுத்தார்கள். அந்தப் பையனே வந்து, "அந்த பாட்டில் மீட்டர் எங்க வாங்கினீய?" என்று கேட்டுப் போனான்.

பாட்டில் சோதனைக்கு நல்லது. வீட்டுக்கென்று எடுத்து வைக்கிற கொஞ்ச இலைக்கும் நல்லது, ஆனால் வெளிச்சம் படாத அலமாரிக்குள் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும். மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். உடைந்த அவுரி இலை தேயிலை மாதிரியே இருக்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் விளையாட்டில்லை.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது பனை ஓலைப்பெட்டி. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வருமே, அதே பெட்டிதான். காய்ந்த இலையை நேராகச் சாக்குக்குள் கட்டாமல் முதலில் ஓலைப்பெட்டியில் தளர்வாகப் போட்டு, துணியால் மூடி வைத்தோம். காம்பு ஈரம் இலைக்கு வந்து துவளும்போது திறந்து கட்டிலில் பரப்பிக் காயவிட்டோம், பிறகு மறுபடி பெட்டி. இப்படி மாற்றி மாற்றிச் செய்ததில், எப்போது திறந்தாலும் இலை சலசலக்கிற நிலைக்கு வந்தது. காம்பை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஆகவில்லை. ஓலை கொஞ்சம் ஈரத்தை வாங்கும், கொஞ்சம் காற்றை விடும், நெடி எதுவும் ஏற்றாது. அதற்குப் பிறகுதான் உறையில்லாத புதுப் பாலிசாக்கு. இலை லேசு, 50 கிலோ அரிசி பிடிக்கிற சாக்கில் அதில் பாதி எடைகூட வராது, அதனால் சாக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். மிதித்து அமுக்காதீர்கள், பொடியானால் விலை போய்விடும். அமுக்கிச் சிப்பம் போடுவது அவர்கள் பிரஸ் வேலை. கட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அவுரித் தூசி சிலருக்கு மூச்சிரைப்பு கொடுக்கும்.

சாக்கைத் தரையில் அடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீரில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் கீழ் அடுக்குச் சாக்கு நனைந்தது, மேல் அடுக்கு நனையவே இல்லை, ஆனால் கீழே ஏறிய ஈரத்தில் மேலேயும் பூஞ்சை பிடித்தது. நாங்கள் பனங்கம்பை இரண்டடி உயரத்துக்குப் பரண் மாதிரி கட்டி, சுவரைத் தொடாமல் அடுக்கினோம்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த வாசனை இலையை விட்டுப் போகாது. சிகரெட் வண்டு என்று ஒரு சின்னப் பழுப்பு வண்டு காய்ந்த மூலிகை எல்லாவற்றையும் துளைக்கும். சாக்கின் அடியில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் அதுதான். நன்றாகக் காய வைத்து, பழைய சரக்கு கிடக்கிற அறையில் புதுச் சரக்கை வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை போகும்.

இலை விற்றாயிற்று. காய் இன்னும் வீட்டில் இருக்கிறது. காய்க்கு இலையைவிடக் காய்கிற நேரம் கூடுதலாக வேண்டும், உள்ளே விதை இருப்பதால் வெளியே காகிதம் மாதிரி ஆனாலும் நம்ப முடியாது. இப்போதைக்குப் புதுத் தகர டின்னில், அடியில் ஓலைத் தடுக்கு போட்டு வைத்திருக்கிறோம், வாரா வாரம் திறந்து பார்க்கிறோம். மருந்துக் கம்பெனிகள் வைத்திருக்கிற மாதிரி உள்உறை போட்ட அட்டை டிரம் கிடைத்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதற்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன், ஆனால் விசாரித்த இடமெல்லாம் மொத்தமாகத்தான் தருவேன் என்கிறார்கள். பாளையங்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் புது அட்டை டிரம்மைச் சில்லறையாகத் தருகிறவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். பழையது வேண்டாம்.