ஹப் மோட்டர் வயர்கள்: நிறத்தை நம்பிப் பூட்டவேண்டாம்

பற்றரி சைக்கிளின் பின்சில்லு நடுவிலேயே இருக்கிற மோட்டர்தான் ஹப் மோட்டர். அதன் அச்சுக்குள்ளால் வருகிற தடித்த கேபிளுக்குள் 8 வயர் இருக்கும். தடிப்பான மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் பேஸ் வயர்கள். மோட்டரைச் சுற்றவைக்கிற கரண்ட் இவற்றில்தான் போகிறது. மெல்லிய ஐந்தில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மற்ற மஞ்சள், பச்சை, நீலம் ஹோல் சென்சர்களின் (காந்தத்தை உணர்ந்து மோட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்பவை) சிக்னல். ஒன்பதாவதாக வெள்ளை வந்தால் அது வேக சென்சர் அல்லது வெப்ப சென்சர். அது இல்லாமலும் மோட்டர் ஓடும்.

சைக்கிள் நின்றுவிட்டால் எடுத்த எடுப்பிலேயே கொன்ரோலர் (பற்றரிக் கரண்டை மோட்டருக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) வாங்க ஓடவேண்டாம். பற்றரியைக் கழற்றி, பேஸ் வயர் மூன்றையும் பிரித்து, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்துச் சில்லைக் கையால் சுற்றுங்கள். சில்லு தடையில்லாமல் சுற்றினால் மோட்டர் பக்கம் ஷோர்ட் இல்லை. பிரித்த பிறகும் விட்டுவிட்டுப் பிடித்து இழுத்தால் கேபிளுக்குள்ளோ மோட்டருக்குள்ளோ பேஸ் வயர்கள் ஒட்டியிருக்கின்றன. கொன்ரோலரில் பூட்டியிருக்கும்போது மட்டும் இழுத்தால் அதற்குள் கரண்டைத் திறந்து மூடுகிற மொஸ்பெட் போய்விட்டது. பேஸ் வயர்கள் ஒட்டியிருப்பதை மீற்றரின் ஓம் அளவில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மோட்டரிலேயே பேஸுக்குப் பேஸ் 1 ஓமுக்கும் குறைவாகத்தான் காட்டும்.

கியர் வைத்த சிறிய ஹப் என்றால் சில்லைப் பின்பக்கமாகச் சுற்றவேண்டும். முன்பக்கம் சுற்றினால் உள்ளே கிளச் விட்டுவிடும், மோட்டர் அசையாது. நல்ல மோட்டரைப் பழுது என்று ஒதுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது ஹோல். பேஸ் பிரிந்தபடியே இருக்க, ஹோல் கனெக்டரை மட்டும் பூட்டிப் பற்றரியைப் போடுங்கள். மீற்றரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்புக் கம்பியைக் கிரவுண்டிலும் சிவப்பை 5 வோல்ட் வயரிலும் பிடியுங்கள். 4.5 வோல்டுக்குக் கீழே போனால் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும். பிறகு ஒவ்வொரு சிக்னலாகப் பிடித்துச் சில்லை மெல்ல மெல்ல நகர்த்தினால் 0க்கும் 5க்கும் இடையே மாறிமாறி வரும். ஏதாவது ஒன்று அசையாமல் நின்றால் அந்தச் சென்சரோ அதன் வயரோ போய்விட்டது. கனெக்டரைக் கழற்றிவிட்டு அளப்பதில் பயனில்லை, சிக்னலை மேலே இழுக்கிற ரெசிஸ்டர் கொன்ரோலருக்குள் இருக்கிறது.

புதுக் கொன்ரோலர் போட்டு, நிறத்துக்கு நிறம் பூட்டியும் சில்லு நடுங்கி உறுமினால் பயப்படத் தேவையில்லை. எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே நிற ஒழுங்கை வைப்பதில்லை. ஹோலை அப்படியே விட்டுப் பேஸ் மூன்றை மட்டும் மாற்றினால் 6 விதம் வரும். ஒவ்வொரு முறையும் பற்றரியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். சில்லு தரையில் படாமல் தூக்கியிருக்கட்டும், அக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகுங்கள். சத்தமில்லாமல் சுற்றுவதும், கரண்ட் மிகக் குறைவாக எடுப்பதும்தான் சரியான இணைப்பு. சுற்றுகிறது, ஆனால் சும்மா ஓடும்போதே பல அம்பியர் இழுத்துச் சூடாகிறது என்றால் அது பிழை, அப்படியே ஓட்டினால் கொன்ரோலர் எரியும். சரியான இணைப்பு பின்னோக்கிச் சுற்றினால் ஹோல் சிக்னல் இரண்டை இடம்மாற்றி, பேஸை மறுபடி தேடவேண்டும். கொன்ரோலரில் இணைப்பு ஒழுங்கைத் தானாகக் கற்கும் வயர் ஜோடி இருந்தால் இந்தப் பாடு முழுக்க மிச்சம்.

பேஸுக்கு 4 மி.மீ. புல்லட் கனெக்டர் போதும். ஆனால் இறுக்கமாக இருக்கவேண்டும். தளர்ந்தால் சூடேறி உறை உருகும், பக்கத்து வயரில் படும். மூன்றையும் ஒரே நீளத்தில் வெட்டாமல் முன்பின்னாக வெட்டினால் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராது. வட்டமான 9 பின் கனெக்டரில் அம்புக்குறிகளை நேரே வைத்து நேராகத் தள்ளி, நேராக இழுங்கள். முறுக்கினால் பின் வளைந்துவிடும்.

குளக்கட்டிலும் கிரவல் வீதியிலும் குலுங்கிக் குலுங்கி அச்சு நட் தளரும். பிறகு அச்சே சுழன்று கேபிளை முறுக்கி அறுக்கும். அப்போது பேஸ் வயர் 5 வோல்ட் வயரில் முட்டினால் ஹோல், கொன்ரோலர் இரண்டுமே ஒன்றாகப் போகும். ஆகவே இரு பக்கமும் பல்லுவைத்த வொஷர், கூடவே அச்சைச் சுழலவிடாமல் சட்டத்தோடு பிடிக்கிற ஒரு டோர்க் ஆம் வேண்டும். அலுமினியச் சட்டத்துக்கு இது கட்டாயம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கேபிள் வழியே வழிந்து அச்சு ஓட்டைக்குள் போய், ஹோல் பலகையைத் துருப்பிடிக்க வைக்கும். அச்சிலிருந்து வெளியே வருகிற கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலே கட்டுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வயலில் இறங்கிய சைக்கிளைப் பம்புக் குழாயால் அடித்துக் கழுவும்போது அச்சுப் பக்கம் பிடிக்கவேண்டாம்.