மாற்றலாகிப் போகும் சுருள்கள்

தூதரக வேலையில் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். கட்டில், பீரோவை விற்றுவிடலாம். பீங்கான் ஜாடியைக் கப்பலில் ஏற்றினால் முழுசாக வந்து சேருமா என்பது சந்தேகம். சீனத் தொங்குசுருள் (தாளிலோ பட்டிலோ தீட்டி, பின்தாள் ஒட்டிச் சுவரில் தொங்கவிடும் ஓவியம்) மட்டும் ஒரு கோலில் சுற்றிக்கொண்டு நீளப் பெட்டிக்குள் அடங்கிவிடும். நெதர்லாந்துத் தூதரக அதிகாரி ராபர்ட் வான் கூலிக் (1910–1967) டோக்கியோ, சோங்சிங், வாஷிங்டன், புதுதில்லி, பெய்ரூட், கோலாலம்பூர் என்று அலைந்தபடியே சீன ஓவியமும் எழுத்துக்கலையும் சேர்த்தார். அதில் இந்தச் சௌகரியத்துக்கும் பங்கு உண்டு.

1958-இல் ரோமில் சீன ஓவியம் பற்றிய அவருடைய பெரிய நூல் 950 பிரதிகள் மட்டும் அச்சானது. ஓவியர்களைவிடச் சுருள் கட்டும், அதாவது படத்துக்குப் பின்தாள் ஒட்டிச் சுருளாக்கும், தொழிலாளிகளுக்கு அதில் தாராளமாக இடம் கொடுத்தார். சீன, ஜப்பானியத் தாள்களின் 42 நிஜத் துண்டுகளையும் கூடவே வைத்தார். தாளைத் தடவிப் பார்க்காதவரிடம் தாளைப் பற்றி என்ன பேசுவது?

சுருளின் ஆயுள் பசையில் இருக்கிறது. கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவி, சவ்வுபோல மிஞ்சும் பசையத்தை ஒதுக்கிவிட்டு, அடியில் தங்கும் மாவுச்சத்தை மட்டும் காய்ச்ச வேண்டும். அதையும் மோர்போல நீர்க்கக் கரைத்துத்தான் தடவுவார்கள். படத்தைக் குப்புறப் போட்டு ஈரமாக்கி ஒட்டும் முதல் பின்தாளுக்கு ‘உயிர்த்தாள்’ என்று பெயர். பசை கெட்டியானால் சுருள் விறைக்கும். சுற்றும்போது குறுக்கே மடிப்பு விழும். அந்த மடிப்பில்தான் மையும் நிறமும் உதிரத் தொடங்கும். ஒட்டியதை ஓரங்களில் மட்டும் பலகையில் பிடிப்பித்து நாள்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஓரம் சுருளும். கடைசியில் முதுகுப்பக்கம் மெழுகு பூசி வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார்கள். அழகுக்காக அல்ல, சுற்றும்போது முதுகு படத்தின் முகத்தில் உரசுமே, அதற்காக.

ஊர் மாறினால் சுருளுக்கும் உடம்புக்கு வரும். தில்லிக் கோடை மாதிரி வறண்ட காற்றில் பட்டும் தாளும் வேறுவேறு அளவில் சுருங்கி ஓரம் குழியும். கோலாலம்பூர் ஈரத்தில் பசை பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு அந்த மாவுச்சத்து விருந்து. சில நாள் மாட்டிவிட்டுச் சுற்றி வைப்பதே முறை. வருடம் முழுக்கச் சுவரில் தொங்கவிடுவது மேற்கத்திய வரவேற்பறைகளின் கெட்ட பழக்கம். இறக்கும்போது அடிக்கோலை இரு கையாலும் சமமாகப் பிடிக்க வேண்டும். சுற்றி முடித்தபின் ‘இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்’ என்று முறுக்கக்கூடாது. உள்ளே படம் தேய்ந்துபோகும்.

ஏமாற்று வேலையிலும் சுருள் கட்டுபவர் கை இருக்கும். இரட்டை அடுக்குத் தாளில் தீட்டிய படத்தை அவரால் இரண்டாக உரிக்க முடியும். கீழ்த்தாளில் கசிந்த மங்கலான சாயலுக்கு மேல்மை கொடுத்தால் இன்னொரு ‘அசல்’ தயார். இதைவிட லாபமானது வேறொன்று. அசல் படத்தையும் அதன் பின்னுரையையும் (படத்தைப் பற்றி எழுதிக் கையெழுத்திட்டு அதோடு ஒட்டிய குறிப்பு) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு போலித் துணையைச் சேர்த்து இரண்டாக விற்பது. பின்னுரை உண்மைதான், கையெழுத்தும் உண்மைதான். வாங்குபவர் அதை நம்பியே விழுவார். இந்தத் தந்திரங்களை 18-ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்து எழுதியவர் லூ ஷிஹுவா என்ற சேகரிப்பாளர். அதை வான் கூலிக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1958-இல் பெய்ரூட்டில் பணியில் இருந்தபோது வெளியிட்டார்.

ஆகவே கைச்சுருளை (கையில் பிடித்துப் பக்கவாட்டில் விரித்துப் பார்க்கும் நீளச் சுருள்) விரித்ததும் படத்துக்கு முன் ஒட்டுவாயைப் பார்க்க வேண்டும். இரண்டு தாள் சேரும் இடத்தில் பழைய சேகரிப்பாளர்கள் முத்திரை குத்தியிருப்பார்கள், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். சாதிலிங்கச் சிவப்பு ஒட்டுவாயில் நூலிழை பிசகினாலும், ஒரு பாதி காணாமல் போயிருந்தாலும், யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள்.